மீத்திறன் குழந்தைக்காகப் பள்ளியில் பேசுவது எப்படி: யு.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் நடக்கும் பாடத்தைவிட வெகுதூரம் முன்னே நிற்கும் சிறு குழந்தைக்குப் பள்ளியில் ஏதேனும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்காக மூன்று ஆண்டுகள் பள்ளிப் படியேறியிருக்கிறேன். பிறகு, தெரிந்த சில பெற்றோருடன் துணைக்குச் சென்று இத்தகைய சந்திப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலானோர் கேட்பது நியாயமாகவே இருக்கிறது. கேட்கும் வரிசைதான் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கண், காது, தூக்கம்

"பாடத்தைக் கவனிப்பதில்லை, எழுதி முடிப்பதில்லை, ஓர் இடத்தில் உட்காருவதில்லை" என்ற மூன்று புகார்களும் பாடம் முன்பே தெரிந்துவிட்ட குழந்தையைப் பற்றியும் வரும். கரும்பலகை சரியாகத் தெரியாத குழந்தையைப் பற்றியும் வரும். எனவே பள்ளிக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். செவித்திறனில் சிறு ஐயம் இருந்தாலும் அதையும் பரிசோதியுங்கள். சந்திப்பின் நடுவே ஆசிரியர் "கண்ணு செக் பண்ணீங்களா?" என்று கேட்டு, உங்களிடம் பதில் இல்லையென்றால் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். வாய்மொழியில் அபாரமாகப் பேசி, எழுத்திலும் வாசிப்பிலும் மிகவும் தடுமாறும் குழந்தைகள் உண்டு. மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருக்கலாம். அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதால், பள்ளி அந்தக் குழந்தையைச் 'சராசரி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

2. மூன்று வாரம் குறிப்பெடுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, நடந்தது, குழந்தை சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். உங்கள் கருத்தை எழுதாதீர்கள். "அவளுக்குச் சலிப்பாக இருக்கிறது" என்பது கருத்து. என் நோட்டில் இருந்த ஒரு பதிவு இது: "ஜூலை 9. இருபது கழித்தல் கணக்குகள். முதல் ஆறும் சரி. ஏழாவதிலிருந்து விடை எழுதவில்லை. கணக்கில் இருக்கும் பூஜ்ஜியங்களுக்கெல்லாம் பூனை மீசை வரைந்திருக்கிறாள். கேட்டதற்கு, 'எல்லாம் ஒரே கணக்குதாம்மா, நம்பர் மட்டும் வேற' என்றாள்." பிற்பாடு அந்தப் பக்கத்தைப் பார்த்த ஆசிரியர் முதலில் சிரித்தார், பிறகு அந்த ஆறு கணக்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் வாயால் சொல்லியிருந்தால் அவர் சரிபார்த்திருக்க மாட்டார்.

குறிப்புடன் கூடவே ஒரு சிறு சோதனையும் செய்யுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் சிறு வகுப்புகளுக்கு முப்பருவ முறையில் புத்தகங்கள் இருப்பதால் வேலை எளிது: அடுத்த பருவக் கணிதப் புத்தகத்திலிருந்து இன்னும் நடத்தப்படாத ஒரு பாடத்தின் பயிற்சியை, எதையும் சொல்லிக்கொடுக்காமல், செய்யச் சொல்லுங்கள். பத்தில் எட்டுக்கு மேல் சரியாக வந்தால் தேதியிட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். முன்கூட்டியே கற்பித்துவிட்டுச் சோதித்தால் உங்கள் கற்பிக்கும் திறமைதான் அதில் தெரியும். வகுப்பில் ஆசிரியர் வேறு விதமாகக் கேட்கும்போது குழந்தை திணறினால், அதற்குப் பிறகு நீங்கள் கொண்டுவரும் எந்தத் தாளையும் அவர் நம்ப மாட்டார்.

3. ஆதாரம் ஆகாதவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்

ஒரு தந்தை, தம் மகன் நூறு நாடுகளின் தலைநகரங்களைச் சொல்லும் வீடியோவைச் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே கைப்பேசியில் ஓடவிட்டார். ஆசிரியர் மரியாதைக்காக முழுவதும் பார்த்தார். அதன்பின் அந்தச் சந்திப்பில் அவர் எதையும் காதில் வாங்கவில்லை. மனப்பாடம் நல்ல நினைவாற்றலைக் காட்டும். இரண்டாம் வகுப்புக் கணக்கில் என்ன மாற்றம் வேண்டும் என்பதை அது காட்டாது. அபாகஸ் நிலைச் சான்றிதழ்கள், ஒலிம்பியாட் பதக்கங்கள், டியூஷன் ஆசிரியரின் பாராட்டு ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆசிரியர் இவற்றை ஆண்டுதோறும் பல குழந்தைகளிடம் பார்க்கிறார்.

எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்றே: குறிப்பிலிருந்து தேர்ந்தெடுத்த ஐந்தாறு பதிவுகள் அடங்கிய ஒரு பக்கம், தேதியிட்ட இரண்டு சோதனைத் தாள்கள், குழந்தையின் வகுப்பு நோட்டு. தடிமனான கோப்பு ஆசிரியரை மிரட்டும். ஒரு பக்கமென்றால் படித்துவிடுவார்.

4. அறிவுத்திறன் சோதனை: இப்போதே வேண்டாம்

புதிதாகத் தொடங்குவோர் பலர் முதலில் ஓடுவது ஐ.க்யூ. சோதனைக்கு. செலவாகும், காத்திருக்க வேண்டும், அந்த எண்ணை ஏற்றுக்கொண்டு ஏற்பாடு செய்யும் கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. ஐந்து, ஆறு வயதில் வரும் எண் பின்னர் கணிசமாக மாறவும் கூடும். வகுப்பறையில் ஒரு சிறு மாற்றம் கேட்பதற்கு எண் தேவையே இல்லை.

இரண்டு நிலைகளில் சோதனை உதவும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது ஒன்று. வகுப்பைத் தாண்டி ஏற்றுவதைப் பற்றிப் பேச்சு எழுவது மற்றொன்று. அப்போது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் செல்லுங்கள். நம் நாட்டில் பினே-காமத் சோதனை, மாலின் அறிவுத்திறன் அளவுகோல் ஆகியவை நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ளன. மாலின் அளவுகோல் ஆறு வயதுக்கு மேல்தான். சராசரியை 100 எனக் கொள்ளும் அளவுகோலில் 130-க்கு மேல் வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். எனினும் அந்த ஒற்றை எண்ணைவிட, எந்தப் பகுதியில் எவ்வளவு, வகுப்பறையில் என்ன செய்யலாம் என்ற பரிந்துரையுடன் அறிக்கையை எழுதித் தரக் கேளுங்கள். பள்ளிக்குப் பயன்படும் பக்கம் அதுதான். எண்ணைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், ஏனெனில் அடுத்த பொங்கலுக்குள் அது ஊர் முழுவதும் சுற்றிக் குழந்தையின் காதுக்கே திரும்பி வரும்.

5. ஒரே ஒரு கோரிக்கையை முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தவறவிட்டாலும் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். "என் குழந்தை மீத்திறன் உள்ளவள், அவளுக்கு ஏற்றபடி நடத்துங்கள்" என்பது கோரிக்கை ஆகாது. அது ஆசிரியரிடம் ஓர் ஒப்புதலைக் கேட்கிறது; ஒப்புதல் கொடுத்தால் அடுத்து எதைச் செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் அவர் மறுத்துவிடுவார். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்க வகுப்புகளுக்கு முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கைத்தான் சொல்கிறது. பல வகுப்பறைகளில் நாற்பதுக்கு மேல் இருக்கிறார்கள். எனவே ஆசிரியரின் வேலையைக் கூட்டாத கோரிக்கையாகத் தேர்ந்தெடுங்கள். இலேசானதிலிருந்து கனமானதுக்கு என்ற வரிசையில் தருகிறேன்.

அ. கடினமானவை முதலில். பயிற்சியின் கடைசி ஐந்து கணக்குகளைக் குழந்தை முதலில் செய்கிறாள். நான்கு சரியானால் மீதியைச் செய்ய வேண்டியதில்லை. இல்லையென்றால் எல்லாரையும் போல முழுவதும் செய்ய வேண்டும். இதை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஆசிரியர் திருத்த வேண்டிய கணக்குகள் குறைகின்றன.

ஆ. மிஞ்சும் நேரத்துக்கு ஒரு நோட்டு. அ-வில் மிச்சமாகும் பதினைந்து நிமிடத்தை நிரப்பாவிட்டால் அவள் பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டியை ஆராய்வாள். வீட்டிலிருந்து நீங்களே ஒரு நோட்டு தயாரித்து அனுப்புங்கள், திருத்துவதும் நீங்களே. அதில் அடுத்த வகுப்புப் பாடத்தை வைக்காதீர்கள், ஏனெனில் அது அடுத்த ஆண்டின் சலிப்பை இப்போதே தயாரிக்கும். ஒரே கேள்வியில் நெடுநேரம் நிற்கும் வேலை வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1, 2, 5 ரூபாய் நாணயங்களைக் கொண்டு பத்து ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? மொத்தம் பத்து வழிகள். நான்கைந்து வழிகளை எல்லாக் குழந்தைகளும் சொல்லிவிடும். ஒன்றுகூட விட்டுப்போகாமல் எழுத ஓர் ஒழுங்கு தேவை, அந்த ஒழுங்கைத் தானே கண்டுபிடிக்க என் மகளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐந்து ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கையை முதலில் நிலைநிறுத்த வேண்டும் என்று கண்டுகொண்ட அன்று, இரவு உணவைப் பாதியில் விட்டு எழுந்துபோய் எழுதினாள்.

இ. பாடம் தொடங்கும் முன் சிறு சோதனை. அலகுத் தேர்வின் தாளை முன்கூட்டியே கொடுத்து, தெரிந்த பகுதிக்கு விலக்கு அளிப்பது. ஆசிரியருடன் நம்பிக்கை ஏற்பட்ட பிறகே இதைக் கேளுங்கள்.

ஈ. ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு. இரு வகுப்புகளின் கணித வேளையும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் நடக்கும். கேட்கும் முன் கால அட்டவணையைப் பாருங்கள்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒரு வசதி இருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் முன்பே வந்துவிட்டது. எல்லாக் குழந்தைகளும் ஒரே இடத்தில் இல்லை என்பதை அங்கே வாதாடி நிறுவ வேண்டியதில்லை. "மலர் நிலை வேலையை முடித்த பிறகு இவளுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று தொடங்கினாலே போதும்.

6. நேரம் கேட்பதும் நாள் குறிப்பதும்

பெற்றோர் கூட்ட நாளில் இதைப் பேசாதீர்கள். பின்னால் வரிசை நிற்கும், ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது, பக்கத்தில் இருப்பவர்களின் காதும் இங்கேதான் இருக்கும். டைரியில் ஒரு வரி எழுதித் தனியாக இருபது நிமிடம் கேளுங்கள்.

ஜூன் மாதம் வேண்டாம். ஆசிரியர் இன்னும் பெயர்களையே பழகிக்கொண்டிருப்பார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை ஒட்டிய வாரங்களும் வேண்டாம். ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நல்ல காலம்; அது தவறினால் காலாண்டு விடுமுறை முடிந்த பின். தலைமை ஆசிரியரிடம் நேரே போகாதீர்கள். அவர் எப்படியும் வகுப்பாசிரியரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். தம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்ற எண்ணம் ஆசிரியர் மனத்தில் விழுந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அது மாறாது.

7. சந்திப்பு

பெற்றோர் மட்டும் செல்லுங்கள். தாத்தா பாட்டி வேண்டாம். குழந்தையும் கூடவே கூடாது, தன்னைப் பற்றிய பேரத்தை அது கேட்க வேண்டியதில்லை.

முதல் ஐந்து நிமிடம் நீங்கள் கேளுங்கள்: "வகுப்பில் இவள் எப்படி இருக்கிறாள்?" வரும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். எங்களுக்கு வந்த பதில், "நல்லா பேசுவா, ஆனா வேலை முடிக்க மாட்டா. ஷேரிங் கொஞ்சம் கம்மி." அதைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள். ஆசிரியரின் புகாருக்கும் உங்கள் கோரிக்கைக்கும் முடிச்சுப் போடுவதுதான் இந்தச் சந்திப்பின் வேலை: "முடிக்காமல் விடுகிறாள் என்றீர்கள். இந்த நோட்டைப் பார்த்தால் முதல் ஆறு சரியாக இருக்கின்றன. கடினமானதை முதலில் கொடுத்துப் பார்த்தால் முடிப்பாளா என்று ஒரு மாதம் பார்க்கலாமா மிஸ்?" இப்படிக் கேட்டால் தம் பிரச்சினைக்கே ஒரு வழி கிடைப்பதாக அவருக்குத் தோன்றும்.

தவிர்க்க வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று, "போரடிக்குது". நீங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்கிறீர்கள். ஆசிரியர் தம் பாடத்தைப் பற்றிக் கேட்கிறார். மற்றொன்று, "மற்ற பிள்ளைகள்". ஒப்பிட்டுப் பேசிய அந்த நொடியில் நீங்கள் நாற்பது குழந்தைகளின் ஆசிரியரிடம் முப்பத்தொன்பது பேரைக் குறைத்துப் பேசியவர் ஆகிவிடுகிறீர்கள்.

ஆசிரியர் மாற்றாக இரண்டு யோசனைகளை முன்வைக்கக்கூடும். இன்னும் இருபது கணக்கு கூடுதலாகக் கொடுக்கிறேன் என்பது முதலாவது. வேகமாக முடித்ததற்குத் தண்டனையாகவே குழந்தை அதைப் புரிந்துகொண்டு, அடுத்த வாரத்திலிருந்து மெதுவாக எழுதும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இவள் சொல்லித்தரட்டும் என்பது இரண்டாவது. எப்போதாவது என்றால் நல்லதுதான். தினமும் என்றால் அவள் கற்பதற்கான நேரம் போய்விடும், தோழிகளும் அந்தக் 'குட்டி டீச்சரை' விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் மறுப்பைக் கடுமையாகச் சொல்ல வேண்டாம்: "எண்ணிக்கை அதிகம் வேண்டாம் மிஸ், ஒரே ஒரு கஷ்டமான கணக்கு போதும்."

8. அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள்

ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறுவார், நீண்ட விடுப்பில் செல்வார். எழுத்தில் இல்லாத ஏற்பாடு அவருடனேயே போய்விடும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இன்று எங்களுக்கு நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. நாம் பேசி முடிவெடுத்தவை: கணித வேளையில் பயிற்சியின் கடைசி ஐந்து கணக்குகளை எங்கள் மகள் முதலில் செய்வாள், நான்கு சரியானால் மீதியைச் செய்ய வேண்டியதில்லை. மிஞ்சும் நேரத்தில் நாங்கள் கொடுத்தனுப்பும் நீல அட்டை நோட்டில் வேலை செய்வாள். அதைத் திருத்தும் பொறுப்பு எங்களுடையது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மீண்டும் சந்திப்போம். இதில் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டது ஏதேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கடிதம் ஒப்பந்தப் பத்திரம் போல ஒலிக்கும்.

குழந்தையிடம் சொல்ல வேண்டியது இரண்டு வரி: "கடைசி அஞ்சு கணக்கை முதல்ல போடு. சரியா வந்தா நீல நோட்டு எடுத்துக்கலாம்." 'நீ ஸ்பெஷல்' என்ற பேச்சு வேண்டாம். அதை வகுப்பில் போய் அப்படியே ஒப்பித்த ஒரு சிறுவனை எனக்குத் தெரியும். அவனுடைய ஏற்பாடு ஒரே வாரத்தில் முடிவுக்கு வந்தது.

9. ஆறு வாரம் பொறுத்திருந்து பாருங்கள்

முதல் இரு வாரங்களில் ஏற்பாடு சில நாள் நடக்கும், சில நாள் மறந்துபோகும். அதற்காகத் தினமும் டைரியில் எழுதாதீர்கள். நோட்டைப் பார்த்து வாரம் எத்தனை நாள் நடந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் நடந்தாலே வெற்றிதான்.

ஆறு வாரம் கழித்த சந்திப்பில் ஆசிரியர் முதலில் சொன்ன புகாரிலிருந்தே தொடங்குங்கள்: முடிக்காத வேலை குறைந்ததா? குறைந்திருந்தால் நன்றி சொல்லி அடுத்த படியைக் கேளுங்கள். குறையவில்லையென்றால் உங்கள் ஊகம் தவறாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோரின் மகனுக்குக் கணக்கு எளிதாக இருந்தது உண்மை, ஆனால் அவன் எழுதாததற்குக் காரணம் விரல் வலி. பென்சில் பிடிக்கும் முறையைத் திருத்தியதும் பாதிப் பிரச்சினை போயிற்று.

10. மறுத்துவிட்டால்: தலைமை ஆசிரியர், பிறகு சட்டம்

வகுப்பாசிரியரிடம் தெரிவித்துவிட்டே தலைமை ஆசிரியரிடம் செல்லுங்கள். கடிதம், குறிப்புப் பக்கம், ஆறு வாரக் கணக்கு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதல் பயிற்றுவிப்பு அளிப்பதும், பெற்றோரைத் தவறாமல் சந்தித்து முன்னேற்றத்தைத் தெரிவிப்பதும் அதில் உள்ளன. 29-ஆவது பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் அறிவு, உள்ளாற்றல், திறமை ஆகியவற்றை வளர்க்க வேண்டும் என்கிறது. 'மீத்திறன்' என்று ஒரு தனி உரிமை இச்சட்டத்தில் இல்லை. இந்த இரு பிரிவுகளைப் பணிவாகச் சுட்டலாம், மிரட்டலாகப் பயன்படுத்தினால் பலிக்காது. சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது என்பதால் யு.கே.ஜி. குழந்தைக்கு இதைக் காட்ட முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்ததையும் நினைவில் வையுங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 சிறப்புத் திறன் கொண்ட மாணவர்களைப் பற்றிப் பேசுகிறது; சி.பி.எஸ்.இ. பள்ளியில் அதைக் குறிப்பிடலாம், மாநில அரசுப் பள்ளியில் குறிப்பிட்டால் பேச்சு குழந்தையை விட்டு அரசியலுக்குப் போய்விடும். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுதான் பொருத்தமான இடம். அதில் பெற்றோரே பெரும்பான்மை.

11. டபுள் பிரமோஷன்

ஒரு வகுப்பைத் தாண்டிக் குழந்தையை மேல் வகுப்பில் ஏற்றுவதுதான் டபுள் பிரமோஷன். இந்த ஆசையை நான் பொதுவாகக் குளிர்விக்கவே பார்ப்பேன். ஒரு பாடத்தில் மட்டும் முன்னே இருக்கும் குழந்தைக்கு இது தீர்வாகாது. எல்லாப் பாடங்களிலும், கையெழுத்திலும், நட்பிலும் மேல் வகுப்போடு ஒட்டிப்போகும் குழந்தை அரிது. அப்படி இருந்தால் உளவியலாளரின் அறிக்கையுடன், கல்வியாண்டின் தொடக்கத்தில், இரு வகுப்பாசிரியர்களின் ஒப்புதலோடு கேட்கலாம். எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவிலும் வகுப்பு மாற்றம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைவில் உள்ள வாசல்களையும் இப்போதே எண்ணுங்கள். ஐந்து வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது பதினேழை எட்டியிருக்கும். நீட் தேர்வுக்கு, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வகுப்பைத் தாண்டினால் அந்தக் கதவின் முன் ஓராண்டு காத்திருக்க நேரலாம். ஏழு வயதில் இதைச் சொன்னால் பெற்றோர் சிரிக்கிறார்கள்.

12. மார்ச் மாதத்தில் ஒரு பக்கம்

ஏற்பாடு நன்றாக நடந்த ஆண்டின் முடிவில் எல்லாரும் செய்யும் பிழை, அது அடுத்த ஆண்டும் தானாகத் தொடரும் என்று நம்புவது. புதிய ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. ஜூலையில் மீண்டும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கும்.

மார்ச்சில் வகுப்பாசிரியரைச் சந்தித்து, என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை ஒரு பக்கத்தில் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த ஆசிரியரிடம் அதை அவரே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெற்றோர் சொல்வதைவிடச் சக ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் குடித்தபடி சொல்லும் இரண்டு வார்த்தைக்கு எடை அதிகம். எங்கள் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வாங்கி, தம் பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்: "ஷேரிங் பரவாயில்லை. நீல நோட்டை மறக்க வேண்டாம்."